டேட்டா ஃபைலை க்யூஜிபிஎல்-ல போட்டுட்டுப் போன வெண்டார், வீணாப்போன கோயம்புத்தூர் பயணம்

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரில வேலை எனக்கு. சிறு விவசாயிங்க கொண்டு வர்ற பச்சை இலை எடை, மாசக்கணக்கு பட்டுவாடா, ஏலத்துக்குப் போற லாட் விவரம், எல்லாமே ஒரு பழைய ஏஎஸ்/400லதான் (ஐபிஎம்மோட பிசினஸ் கம்ப்யூட்டர்) ஓடுது. புது மிஷினுக்கு மாறப்போறோம், அதுக்கு முன்னாடி பேக்கப் டேப்ப வேற மிஷின்ல ரீஸ்டோர் பண்ணிப் பாத்துடலாம்னு கோயம்புத்தூர்ல ஒரு இடத்துல டைம் வாங்கினோம். ஐப்பசி மழை, பர்லியார் கிட்ட மண்ணு சரிஞ்சு வண்டியெல்லாம் வரிசையா நிக்குது, டேப் நனையக்கூடாதுன்னு மடியிலயே வச்சுகிட்டு எப்படியோ போய்ச் சேர்ந்தோம்.

ரீஸ்டோர் போட்டா ப்ரோக்ராம் எல்லாம் வந்துச்சு, ஆனா லாஜிக்கல் ஃபைல் (நிஜ டேட்டாவ வேற வரிசைல, வேற விதமா காட்டற ஃபைல்) ஒண்ணு கூட வரல. ஜாப் லாக்ல பாத்தா அதுங்களுக்கு அடிப்படையான பிசிக்கல் ஃபைல், அதாவது நிஜ டேட்டா இருக்கற ஃபைல், இல்லன்னு இருக்கு. ஃபேக்டரிக்கு போன் போட்டு ஃபைல் டிஸ்க்ரிப்ஷன் எடுத்துப் படிக்கச் சொன்னேன். விவசாயி லெட்ஜர், எடை ஃபைல், அட்வான்ஸ் கணக்கு மொத்தமும் க்யூஜிபிஎல்-ங்கற லைப்ரரில (லைப்ரரின்னா ஃபைல், ப்ரோக்ராம் எல்லாம் போட்டு வைக்கற ஃபோல்டர் மாதிரி) கிடக்குது! சாஃப்ட்வேர் குடுத்த வெண்டார் எழுதின பேக்கப் ப்ரோக்ராம் அவங்க பேர்ல இருக்கற லைப்ரரிய மட்டும் சேவ் பண்ணிட்டு, ராத்திரிக்கு ராத்திரி 'முடிஞ்சது'ன்னு மெசேஜ் போட்டுட்டு இருந்திருக்கு. அந்த டேப்ப பத்திரமா பீரோல பூட்டி வச்சிருந்தோம், அதுல ஒரு விவசாயியோட ஒரு கிலோ இலைக்கணக்கு கூட இல்ல. நடுவுல டிஸ்க் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இன்னும் வயிறு கலங்குது.

வெண்டார் ஆபீஸ்ல கேட்டா "எல்லா எடத்துலயும் அப்டித்தான் சார் வைக்கிறோம்"னு ஒரே பதில். அது எப்படி அங்க போச்சுன்னு நாங்களே கண்டுபிடிச்சோம். யூசர் ப்ரொஃபைல்ல கரண்ட் லைப்ரரின்னு எதுவும் குடுக்காம விட்டா சிஸ்டம் க்யூஜிபிஎல்-ஐத்தான் எடுத்துக்கும், க்ரியேட் கமாண்ட்ல லைப்ரரி பேரு சொல்லாம ஃபைல் பண்ணினா நேரா அங்க போய் விழும். அவங்க ஆளு அப்படித்தான் இன்ஸ்டால் பண்ணியிருக்காரு. க்யூஜிபிஎல் ஐபிஎம்மே மிஷினோட குடுக்கற பொது லைப்ரரி, கண்டவங்க கண்டதையும் போடற இடம், அங்க போய் கம்பெனியோட கணக்க வைக்கலாமா சொல்லுங்க.

இப்ப ப்ரோக்ராமுக்கு ஒரு லைப்ரரி, டேட்டாவுக்கு தனி லைப்ரரி. லாஜிக்கல் ஃபைல் எல்லாம் பிசிக்கல் இருக்கற டேட்டா லைப்ரரிலயே இருக்கணும், இல்லன்னா ரீஸ்டோர் வரிசை மாறினா மறுபடியும் இதே கதைதான். எந்த லாஜிக்கல் எதுல தொங்குதுன்னு டிஎஸ்பிடிபிஆர் கமாண்ட் போட்டா வந்துடும். ஜர்னல் ரிசீவருக்கு (ஃபைல்ல நடக்கற ஒவ்வொரு மாத்தமும் பதிவாகற இடம்) இன்னொரு லைப்ரரி வச்சோம். டிஸ்க் நிறைய இருக்கறவங்க ரிசீவர தனி யூசர் ஏஎஸ்பிக்கே (தனியா பிரிச்சு வச்ச டிஸ்க் தொகுப்பு) கொண்டு போயிடுங்க, டேட்டா இருக்கற டிஸ்க் போனாலும் ரிசீவர் தப்பிக்கும். எங்ககிட்ட அவ்ளோ டிஸ்க் இல்ல. ரீஸ்டோர் பண்றப்ப ஜர்னல் இருக்கற லைப்ரரி முதல்ல, டேட்டா அப்புறம், மாத்திப் போட்டா ஃபைலுக்கு ஜர்னலிங் தானா ஆரம்பிக்காது.

ஃபைல லைப்ரரி மாத்தறது மூவ் ஆப்ஜெக்ட் கமாண்ட்தான், ஆனா யாரும் அந்த ஃபைல தொறந்து வச்சிருக்கக் கூடாது, இலை எடை போடறது நிக்கற ஞாயித்துக்கிழமையா பாத்து செஞ்சோம். ஆர்பிஜி மொழில எழுதின ப்ரோக்ராம் எல்லாம் லைப்ரரி லிஸ்ட (ஃபைல எந்தெந்த லைப்ரரில தேடணும்ங்கற வரிசை) பாத்து ஓடறதால ஜாப் டிஸ்க்ரிப்ஷன்ல புது லைப்ரரிய சேர்த்ததும் சரியாயிடுச்சு. சிஎல் ப்ரோக்ராம்லதான் (கமாண்டுகள வரிசையா எழுதி வச்சது) எந்த ஃபைல எடுக்கணும்னு சொல்ற ஓவர்ரைடு கமாண்ட்ல க்யூஜிபிஎல்னு கையாலயே எழுதி வச்சிருந்தாங்க, சோர்ஸ் முழுக்க தேடி மாத்த வேண்டியதாப் போச்சு. சோர்ஸ் தர வெண்டார் இழுத்தடிச்சதுல போன நாள் தனி.

முக்கியமா ஒண்ணு. காப்பி எடுத்து மாத்தறவங்க பழைய ஃபைல க்யூஜிபிஎல்-ல விட்டுடாதீங்க. அது வழக்கமா லைப்ரரி லிஸ்ட்ல இருக்கும், ஏதோ ஒரு ஜாப்ல புது லைப்ரரி விட்டுப்போனா எரர் வராது, சத்தமில்லாம பழைய ஃபைல்ல எழுதிட்டுப் போயிடும்.

பேக்கப்பையும் மாத்தியாச்சு, ஒரு லைப்ரரி பேரு போடாம ஆல்யூசர்னு (யூசர் லைப்ரரி எல்லாமே) குடுத்து சேவ் லிப் கமாண்ட், அதுல க்யூஜிபிஎல்-லும் சேர்ந்தே வரும். மறுபடி மலை இறங்கிப் போய் ரீஸ்டோர் போட்டோம், ஒரு ஃபைல் விடாம வந்துச்சு. அக்கவுண்ட்ஸ் அண்ணன் அச்சடிச்ச லெட்ஜர கையோட கொண்டு வந்து விவசாயி பேரா பாத்து டிக் போட்டாரு, பைசா வித்தியாசமில்ல. அவ்ளோ சந்தோஷம் எனக்கு.

இன்னும் பாக்கி இருக்கறது க்வெரிங்க. பட்டுவாடா ரிப்போர்ட் க்வெரி ஒவ்வொண்ணுலயும் பழைய லைப்ரரி பேரே உள்ள இருக்கு, புது மிஷின் வர்றதுக்குள்ள ஒவ்வொண்ணா தொறந்து மாத்தணும்.