துபாய் குடும்ப விசாவும் ஓர் இனிஷியல் படுத்திய பாடும்

துபாயில் குடும்ப விசா எடுப்பதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் சம்பள வரம்பைத்தான் முதலில் சொல்வார்கள். மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் மனைவி மக்களுக்கு ஸ்பான்சர் ஆகலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வரம்பைத் தாண்டியவர்களையும் நிறுத்தி வைப்பது பெயர். தந்தை பெயரின் முதல் எழுத்தை மட்டும் முன்னால் போட்டுக்கொண்டு பள்ளிச் சான்றிதழ் முதல் திருமணப் பதிவு வரை முடித்துவிடும் நமக்கு, பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனிக் கட்டங்களில் கேட்கும் இந்த ஊர் விண்ணப்பங்கள் எப்படிச் சிக்கலாகின்றன என்பதை முன்கூட்டியே சொல்ல எனக்கு ஆள் இல்லை. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் வீடு. குடும்பத்தை அழைக்க உங்கள் பெயரில் ‘எஜாரி’ வேண்டும். அதாவது வாடகை ஒப்பந்தம் அரசுப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். கராமாவில் ஒரு தரகர் காட்டிய அறை, வாடகைக்கு எடுத்த ஒருவர் தடுப்புப் பலகை வைத்துப் பிரித்து உள்வாடகைக்கு விடும் ‘பார்ட்டிஷன்’ வகையைச் சேர்ந்தது. எஜாரி கிடைக்குமா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் வாங்கித் தந்துவிடலாம் அண்ணே, முதலில் அட்வான்ஸைக் கொடுங்கள்” என்றார். நல்ல வேளையாக உரிமையாளரின் பட்டாவுக்கு நிகரான ‘டைட்டில் டீட்’ நகலைக் கேட்டேன். அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. உரிமையாளரிடமோ அவர் அதிகாரம் அளித்த நிறுவனத்திடமோ நேரடியாகக் கையெழுத்தாகாத எந்த ஒப்பந்தத்துக்கும் ஒரு திர்ஹம்கூடக் கொடுக்காதீர்கள். பிறகு அல் நஹ்தாவில் வீடு அமைந்தது. பின்தேதியிட்ட காசோலைகள், மின்சார, குடிநீர் இணைப்புக்கான 2,000 திர்ஹம் வைப்புத்தொகை எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

அடுத்ததுதான் திருமணச் சான்றிதழ். மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் பெற்று, இங்கே வந்ததும் அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பமும் அரபு மொழிபெயர்ப்பும் சேர வேண்டும் என்பது பெரும்பாலோர் அறிந்ததே. சென்னையில் இந்த வேலைக்கென்றே இருக்கும் ஒரு முகவரிடம், எல்லாத் தாள்களையும் சரிபார்த்துத் தருவதற்கும் சேர்த்தே பணம் கட்டியிருந்தேன். முத்திரைகள் அத்தனையும் இருந்தன. ஆனால் இங்குள்ள சேவை மையக் கவுண்ட்டரில் இருந்த பெண், பேனா மூடியால் என் மனைவியின் பெயருக்கு முன்னிருந்த ‘ஆர்.’ என்ற எழுத்தைத் தட்டி, “இது யார்?” என்று கேட்டார். அவருடைய தந்தை என்றேன். பாஸ்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்து, இதில் ‘ஆர்’ இல்லையே, முழுப் பெயர் இருக்கிறது, அதுவும் பின்னால் அல்லவா இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. புள்ளி வைத்த அந்த ஓர் எழுத்தும் பாஸ்போர்ட்டின் கடைசிப் பெயரும் ஒரே மனிதரைத்தான் குறிக்கின்றன என்பதற்கு என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை.

சென்னை முகவரைக் கூப்பிட்டால், சார்பதிவாளர் அலுவலகத்தில் திருத்தி வாங்கி எல்லா ஒப்பங்களையும் முதலிலிருந்து பெற வேண்டும் என்றார், கட்டணமும் முதலிலிருந்துதானாம். மாற்றுவழியைச் சொன்னவர், அதே மையத்தில் டோக்கனோடு என்னருகில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலிக்காரர். இந்தியத் துணைத் தூதரகம் வழியாக, இரு பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தைப் பெற்று, அதையும் மொழிபெயர்த்து இணைக்கலாம் என்றார். எனக்கு அது செல்லுபடியானது. ஆனாலும் கவுண்ட்டரில் இருப்பவரைப் பொறுத்து இது மாறலாம் என்பதால், ஊரில் இருக்கும்போதே, முதல் முத்திரை விழுவதற்கு முன்பே, திருமணச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

இடையில் ஒரு வீண் அலைச்சல். மொழிபெயர்ப்பு தயார், வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வந்தால் வாங்கிக்கொண்டு நேரே ஒப்பமும் பெற்றுவிடலாம் என்று, அரசு விண்ணப்பங்களையும் மொழிபெயர்ப்புகளையும் தயாரித்துத் தரும் டைப்பிங் சென்டரில் சொன்னார்கள். 2022 ஜனவரி முதல் இங்கே அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளிக்கிழமை நண்பகலோடு வேலை முடிந்துவிடும். இது நன்றாகவே தெரியும் என்பதால் இரண்டு முறை கேட்டேன். தங்களுக்கு உள்ளே ஆள் இருப்பதாக உறுதியாகச் சொன்னார்கள். அரை நாள் விடுப்புப் போட்டு, ஆகஸ்ட் வெயிலில் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போனபோது கதவு பூட்டியிருந்தது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் தொழிலாளர்களை வேலை வாங்கக்கூடாது என்று இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. அந்த நேரத்தில் நடந்து பார்த்தால் காரணம் விளங்கும்: கடல் ஈரமும் சேர்ந்த வெப்பத்தில் கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே வருபவர் தெரிவதில்லை. குளிரூட்டிய பேருந்து நிறுத்தம் கண்ணில் பட்டதும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு நுழைவு அனுமதி, மருத்துவப் பரிசோதனை, கைரேகை, காப்பீடு, இந்நாட்டு அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி எல்லாம் ஒழுங்காக நடந்தன.

மனைவியும் குழந்தையும் வந்து சேர்ந்த பிறகு அம்மாவுக்கு விசிட் விசா எடுத்தோம். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இருப்பது ஒரே பெயர். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் வருபவர்களை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்ததும், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்ததும் எனக்குத் தெரியும். அதனால்தான் டிராவல்ஸில் திரும்பத் திரும்பக் கேட்டேன். “ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு, டிக்கெட் போடுங்கள்” என்றார் அங்கிருந்தவர். திருச்சியில் விமான நிறுவனத்தின் கவுண்ட்டரில் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். விசாவிலும் ஒற்றைப் பெயர்தான் அச்சாகியிருக்கிறது, துபாயில் திருப்பி அனுப்பினால் செலவு எங்கள் தலையில் விழும் என்றார்கள். அறுபத்தைந்து வயது அம்மா மூட்டுவலியோடு பெட்டியைத் தள்ளிக்கொண்டு கும்பகோணத்துக்குத் திரும்பினார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாஸ்போர்ட்டும் இப்படி இருந்தால், விளக்கத்தை நம்பி வாதாடுவதைவிடக் குடும்பப் பெயரைச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடாக வாங்கிவிடுவதே மேல். ஆதாரிலும் பெயர் அதேபோல் இருக்குமாறு முதலில் மாற்றிக்கொண்டால் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் கேள்விகள் குறையும். பழைய பாஸ்போர்ட்டில் எடுத்த விசா புதியதற்குச் செல்லாது. திரும்பும் டிக்கெட்டையும், தங்கப்போகும் வீட்டின் எஜாரி, உங்கள் எமிரேட்ஸ் ஐடி நகல்களையும் அச்செடுத்துப் பெரியவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அலைபேசியில் தேடச் சொன்னால் பதறுவார்கள். குருமாவுக்கென்று கசகசாவைக் கட்டிக்கொண்டு வர விடாதீர்கள், இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். அம்மா அரைத்து வைத்திருந்த மசாலாப் பொடியிலும் அது இருந்ததால் டப்பாவோடு வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். அதில் அவருக்கு இன்றும் வருத்தம்தான்.

புதிய பாஸ்போர்ட்டில் அம்மா எந்தக் கேள்வியும் இல்லாமல் வந்து இறங்கினார். பொறுப்பேற்றுக்கொண்ட டிராவல்ஸ்காரரிடம் முதல் விசாவின் பணத்தைக் கேட்டால், விசா கிடைத்துவிட்டதல்லவா, எங்கள் வேலை அதோடு முடிந்தது என்கிறார். எழுத்துமூலம் புகார் கொடுக்கப்போவதாகச் சொன்ன பிறகு பாதிப் பணம் வந்திருக்கிறது. மீதியை விடுவதாக இல்லை.