முடுக்கு திறந்தது, ஊருணிக் கரையும் இணைந்தது

செட்டிநாட்டு வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு அடுத்த தெருவில் போய் முடியும். குறுக்கே போக வேண்டுமென்றால் வீடுகளுக்கு நடுவே விட்டிருக்கும் முடுக்குதான் வழி. அது அடைபட்டால் பக்கத்துத் தெருவுக்கே ஊரைச் சுற்ற வேண்டும். எங்கள் பேரூராட்சியில் அப்படித்தான் ஆகியிருந்தது. ஒரு முக்கியமான முடுக்கில் இடிந்த செங்கலும் காரையும் குவிந்து, மேலே சீமைக்கருவேல் முளைத்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளிலிருந்து பென்ஷன் வாங்கப் போகும் ஆச்சிமார் வரை எல்லோரும் பஸ் ஓடும் மெயின் ரோட்டில்தான் நடந்தார்கள்.

நடைபாதையே இல்லாமல் இல்லை. கோயில் வாசலில் கொஞ்சம், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கொஞ்சம் என்று துண்டு துண்டாக இருந்தது. புதிதாக ஒன்று கேட்பதைவிட, இருக்கிற துண்டுகளை முடுக்கு வழியாகவும் ஊருணிக் கரை வழியாகவும் இணைக்கச் சொல்வோம் என்று முடிவு செய்தோம்.

நகர்ப்புற உள்ளாட்சிகளில், வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதிக்கு வேண்டியதைப் பேசும் பகுதி சபா 2022 முதல் கூடுகிறது. ‘நடைபாதை வேண்டும்’ என்று அதில் ஒற்றை வரியில் மனு கொடுத்தால் கோப்பில் தூங்கிவிடும். அதனால் முதலில் தெருத்தெருவாக நடந்தோம். பிளஸ் ஒன் மாணவர்கள் டேப் பிடித்தார்கள். எங்கே டிரான்ஸ்பார்மர் மறிக்கிறது, எங்கே சாக்கடைக்கு மூடி இல்லை என்றெல்லாம் வரைபடத்தில் குறித்தோம். வாக்கர் பிடித்து நடக்கும் ஆச்சி ஒருவரும் கூடவே வந்தார். பள்ளிக்கூடத்து நடைபாதை முன்னால் நின்றுவிட்டு, டீச்சரான என்னிடம் கேட்டார்.

“இம்புட்டு உசரத்துல கட்டி வச்சிட்டு நடங்கன்னா எப்படி டீச்சர் ஏறுறது?”

அளந்து பார்த்தோம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்தது. சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டியோ விளிம்பு உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்ற சரிவில் இருக்க வேண்டும் என்கிறது. ஆச்சி சொன்னதையும் இந்த அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். மனுவிலேயே வலுவான பக்கம் அதுதான்.

அடுத்து, எந்த இடம் யாருடையது என்ற கேள்வி. மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம், தெருக்கள் பேரூராட்சிக்கு. கரை, வருவாய்க் கணக்கில் ஊருணிப் புறம்போக்கு. முடுக்கு யாருடையது என்று சொல்ல ஆளில்லை. ஓர் அலுவலகத்தில் எங்கள் மனு மேசை மேசையாக நகர்ந்து காணாமலே போனது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டின் நகலும், அளவுகள் குறித்த புலப்படமும் கேட்டோம். சட்டம் சொல்லும் 30 நாளுக்குள் கைக்கு வந்தன. முடுக்கு பொதுப்பாதை என்று தெளிவாக இருந்தது.

சர்வேயர் கல் ஊன்றியபோது வேறொன்று தெரிந்தது. பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் பின்வாசல் படி முடுக்குக்குள் நீண்டிருந்தது. அந்த வீட்டுப் பங்காளிகள் சென்னை, கோவை, மலேசியா என்று பரவிக் கிடக்கிறார்கள். நோட்டீஸ் கொடுத்துப் படியை இடித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நாங்கள் வேண்டாம் என்றோம். நாளைக்கும் அவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தானே. முன்னோரை வணங்கும் படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வந்த சமயம் பார்த்துப் போய்ப் பேசினோம். மூத்தவர் பின்வாசலைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

“எங்க அப்பத்தா இந்த வழியாத்தான் ஊருணிக்குத் தண்ணி எடுக்கப் போவாக. படிய எடுத்துக்கங்க. சுவரோரம் மட்டும் தண்ணி நிக்காமப் பாத்துக்கங்க.”

அந்த நிபந்தனையை அப்படியே எஸ்டிமேட்டில் சேர்க்க வைத்தோம்.

ஊருணிக் கரைக்கு வந்த முதல் எஸ்டிமேட்டில் முழுக்க பேவர் பிளாக், ஓரத்தில் உயரமான கர்ப், அதாவது விளிம்புக்கல். சபாவில் அதை மறுத்து எழுந்தவர் விவசாயம் பார்க்கும் அண்ணன் ஒருவர். தெருவில் விழும் மழைத்தண்ணீர் சரிந்தோடி, வரத்துக்கால் என்னும் வாய்க்கால் வழியாக ஊருணியில் சேரும்படிதான் இந்த ஊர்களை அமைத்திருக்கிறார்கள். கர்ப் வைத்தால் ஐப்பசி மழை ஊருணிக்குப் போகாமல் வீட்டுக்குள் வரும் என்றார். பொறியாளர் குழாய் பதிக்கலாம் என்றபோதும் அவர் விடவில்லை. “குழாய் மண்ணடைச்சுக்கும் சார். தூக்கி எடுக்குற மாதிரி கல்மூடி போடுங்க, வருசா வருசம் நாங்களே தூர் வாரிக்கிறோம்.” கடைசியில் கரையில் கிராவல் கொட்டி உருட்டுவது, கர்ப் இல்லை, வரத்துக்கால் குறுக்கிடும் இடமெல்லாம் கல்மூடி என்று மாறியது. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இது. ஊரைக் கேட்காமல் போட்டிருந்தால் நடைபாதை வந்திருக்கும், ஊருணி வறண்டிருக்கும்.

பணத்துக்கு, அரசும் மக்களும் செலவைப் பகிரும் ‘நமக்கு நாமே’ திட்டம். மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும். வெளியூர்ப் பங்காளிகளும் கடைவீதிக்காரர்களும் கொடுத்தார்கள். தீர்மானம், அனுமதி, டெண்டர் எல்லாம் அதனதன் வேகத்தில் நடந்தன. வேலை நடக்கும்போது மட்டும் கண்ணை எடுக்கவே கூடாது. பள்ளி வாசல் சாய்தளம் செங்குத்தாக எழும்பியதை மாணவர்கள்தான் டேப் வைத்துக் காட்டினார்கள். கொத்தனார் மறுநாளே உடைத்துச் சரிசெய்து கொடுத்தார்.

இப்போது பிள்ளைகள் முடுக்கு வழியாகக் கரைக்கு ஏறி, மெயின் ரோட்டைத் தொடாமலே பள்ளிக்குப் போகிறார்கள். பாக்கி இருப்பது மெயின் ரோடு. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டில் லாரிகளை ஒட்டி அந்த ரோட்டோரத்தில்தான் நடக்கிறார்கள். நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதை மேற்கோள் காட்டி நெடுஞ்சாலைத் துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம். பொறியாளர் ஒருவர் எங்களோடு நடந்து பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பகலில் வேண்டாம், யாத்திரைக்காரர்கள் நடக்கும் நேரத்திலேயே வாருங்கள் என்று கேட்டிருக்கிறோம். இந்த வழியாக யாத்திரை போகிறவர்கள் எந்தெந்த இடத்தில் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது என்று சொன்னால் வரைபடத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.