மாருத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: காரைக்குடி டூ பெங்களூர்

செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. ஓடுதளம் நம்மிடம் இருக்கிறது, விமானம்தான் இல்லை. பழைய போர் விமானத்தை எட்டி நின்று இல்லாமல் அடியில் குனிந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெங்களூர் எச்.ஏ.எல். (விமானம் தயாரிக்கும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம்) அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். அங்கே முக்கியமாகப் பார்க்கவேண்டியது மாருத் என்ற போர் விமானம். வழி, செலவு, பார்க்கும் வரிசை என்று ஒழுங்காகவே சொல்லிவிடலாம்.

இரவு பஸ்ஸில் ஏறினால் விடிகாலையில் ஓசூர் ரோடு வழியாக சில்க் போர்டு வரும். அங்கேயே இறங்கிவிடுங்கள். ஊர் நடுவில் இருக்கும் மெஜஸ்டிக் பஸ் நிலையம் வரை போய்த் திரும்புவது நேரத்துக்கும் காசுக்கும் கேடு. இறங்கிய நிமிஷமே ஆட்டோக்காரர்கள் தமிழிலேயே பேசிப் பையை வாங்கப் பார்ப்பார்கள். மீட்டர் போடாமல் கேட்கிற தொகை பகல் கொள்ளை, ஒத்துக்கொள்ளாதீர்கள். ரிங் ரோட்டில் 500டி பஸ் பிடித்து மாரத்தஹள்ளி பாலத்தில் இறங்கி, பழைய ஏர்போர்ட் ரோட்டில் மெஜஸ்டிக் நோக்கிப் போகும் 335இ-யில் ஏறி, கண்டக்டரிடம் எச்.ஏ.எல். மியூசியம் என்று சொன்னால் போதும். நாலு பேர் குடும்பத்துக்கு இதில் மிச்சமாகும் காசில் மத்தியானச் சாப்பாடே முடிந்துவிடும்.

உள்ளே போனதும் எல்லாரும் கூடத்துக்குள் நுழைந்து போட்டோக்களில் ஆரம்பிக்கிறார்கள். அது தப்பு. வெளியில் நிற்கிற விமானங்களை முதலில் பாருங்கள். வெயில் ஏறிவிட்டால் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க முடியாது, படமும் வெளுத்துப்போகும்.

நேராக மாருத்திடம் போங்கள். எச்.எஃப்-24. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க் இங்கே வந்து, நம் ஆட்களோடு சேர்ந்து உருவாக்கியது. 1961-இல் முதலில் பறந்தது. பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று உடம்பைப் பாருங்கள். இறக்கை சேரும் இடத்தில் இடுப்பு ஒடுங்கி, பின்னால் மறுபடி விரியும். ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறாமல் இருக்கத்தான் அந்த ஒடுக்கம். காற்று நுழையும் வாய்களில் பாதிக் கூம்பு ஒன்று துருத்தி நிற்கும். ஒலியை மிஞ்சி வரும் காற்றை இன்ஜினுக்குள் போகும் முன் மட்டுப்படுத்த வைத்தது. மூக்கின் இரு பக்கமும் 30 மி.மீ. பீரங்கிகளின் துளைகள், மொத்தம் 4.

இப்போது வாலுக்குப் போங்கள். மனசு கனப்பது இங்கேதான். சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரவேண்டிய ஆர்ஃபியஸ் 12 இன்ஜினை நம்பி வரைந்த உடம்பு இது. அந்த இன்ஜின் பிரிட்டனில் பாதியிலேயே கைவிடப்பட்டது. கிடைத்தது ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) இல்லாத ஆர்ஃபியஸ் 703 இன்ஜின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 2,200 கிலோதான். ஒலியைப் போல இரு மடங்கு வேகத்துக்குப் பிறந்த விமானம், ஒலி வேகத்தைத் தொடுவதற்கே திணறியது. ஆஃப்டர்பர்னர் பொருத்திப் பார்த்த சோதனையில் 1970 ஜனவரியில் விழுந்து இறந்தவர்தான் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ். எச்.ஏ.எல். பக்கத்தில் சுரஞ்சன் தாஸ் ரோடு என்று பெயர்ப்பலகை பார்த்தால், அது அவர் நினைவாக வைத்தது. அதே மாருத்தான் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தரைத் தாக்குதலுக்குப் போனது. ஓர் இன்ஜின் அடிபட்டும் மற்றதை வைத்துக்கொண்டு தளம் திரும்பியவையும் உண்டு. வலுக்குறைந்த விமானம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அடுத்து அஜீத், நாட் என்ற சின்ன பிரிட்டிஷ் போர் விமானத்தின் திருத்திய வடிவம். எரிபொருளை இறக்கைக்குள்ளேயே நிரப்பியதால், வெளியே டேங்க் தொங்கிய இடத்தில் குண்டு மாட்ட முடிந்தது. பசந்த், வயலுக்கு மருந்தடிக்கிற விமானம். 400 குதிரைத்திறன் இன்ஜின். பைலட் உயரத்தில் உட்கார்ந்திருப்பார், தாழப் பறக்கும்போது முன்னால் மரமும் கம்பியும் தெரியவேண்டுமே. 1951-இல் முதலில் பறந்த எச்.டி-2 பயிற்சி விமானத்தையும் விட்டுவிடாதீர்கள். முழுக்க இங்கேயே வடிவமைத்தது, கானாவும் வாங்கியது.

கடைசியாக இன்ஜின் கூடம். மாருத்தைப் பார்த்துவிட்டு ஆர்ஃபியஸின் முன்னால் வந்து நின்றால்தான், காற்றை அழுத்தும் அந்த 7 அடுக்குச் சுழல் தகடுகளுக்கு அவ்வளவு பெரிய உடம்பு எவ்வளவு பாரம் என்பது உறைக்கும்.

குழந்தைகளோடு போனால் மூன்று மணி நேரம் வேண்டும். கையில் புளியோதரையும் கைமுறுக்கும் இருந்தால் பசிக்கு வெளியே ஓடவேண்டியதில்லை. நாலு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். அதற்கு மேல் மாரத்தஹள்ளி நெரிசலில் மாட்டினால் சில்க் போர்டில் ஊர் பஸ்ஸைப் பிடிப்பது கஷ்டம்.