ஏல, இதுல ஆண்டவர் எப்ப வருவாரு?

10.07.2024, புதன்

ராத்திரி எட்டு மணிக்கு எங்க கோயில் போதகர் ஐயர் போன். இந்த ஞாயிறு அவருக்கு பக்கத்து சபையில நற்கருணை, நம்ம கோயில்ல பிரசங்கத்த நீங்க பாத்துக்கிடுங்க சார்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. என்ன பேசுறதுன்னு யோசிக்கவே வேண்டாம், போன வருசம் தென்காசி போற வழில பைக்கோட விழுந்து ஆஸ்பத்திரில கெடந்து பொழச்ச சாட்சி இருக்கு, அத சொன்னா நாலு பேராவது கண்ண தொடைப்பாங்க.

12.07.2024, வெள்ளி

போன்ல ரெக்கார்ட் பண்ணேன், 34 நிமிசம். ஆச்சிக்கு போட்டு காட்டுனேன். முருங்கக்கீர உருவிக்கிட்டே முழுசா கேட்டா, கேட்டுட்டு, "கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏல, இதுல ஆண்டவர் எப்ப வருவாரு?"

சுருக்குன்னு ஆயிட்டு. மறுபடி போட்டு, பழைய பரீட்ச பேப்பர் பின்னால கோடு போட்டு எண்ணுனேன். இயேசு 4 தடவ. நான், எனக்கு, என்னோட இதெல்லாம் 60க்கு மேல போனதும் பேனாவ மூடிட்டேன். அந்த நாலுல ஒண்ணு ஆமென் சொல்றதுக்கு முன்னாடி வழக்கமா வர்றது, அத கணக்குல சேக்க முடியாது.

13.07.2024, சனி

காலைலருந்து சாரல், வெளிய போகல. யோவான் 1ஆம் அதிகாரம் எடுத்தேன். இதோ தேவ ஆட்டுக்குட்டின்னு, ஞானஸ்நானம் குடுத்த யோவான்ஸ்நானன் இயேசுவ கை காட்டுறாரு, அத கேட்ட அவரோட சீஷர்கள்லயே ரெண்டு பேரு அவர விட்டுட்டு இயேசு பின்னால போயிடுறாங்க. எத்தன தடவ வாசிச்சிருப்பேன், ஆள் போனதுக்கு அவரு வருத்தப்படலங்கிறது இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. நம்ம பக்கம் கன்வென்ஷன் கூட்டத்துக்கு ஒட்டுற போஸ்டர பாருங்க, பிரசங்கியார் முகம் ஆளுயரத்துக்கு, சிலுவ ஒரு மூலைல, தேடித்தான் கண்டுபிடிக்கணும். என்கிட்ட போஸ்டர் அடிக்க காசு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் ஸ்பர்ஜன்னு பேர்போன இங்கிலாந்து பிரசங்கியார் ரட்சிக்கப்பட்ட கத ஞாபகம் வந்துச்சு. 1850 ஜனவரி, இங்கிலாந்துல கோல்செஸ்டர் ஊரு, பனிப்புயல். 15 வயசு பையன், போக நெனச்ச கோயிலுக்கு போக முடியாம வழில இருந்த சின்ன மெதடிஸ்ட் கோயிலுக்குள்ள ஒதுங்குறான். உள்ள பத்து பதினஞ்சு பேரு இருந்தா பெரிசு. போதகரும் வந்து சேரல. செருப்பு தைக்கிறவரோ தையக்காரரோ, ஒரு ஒல்லியான ஆளு ஏறி ஏசாயா 45:22 எடுக்குறாரு, "என்னை நோக்கிப்பாருங்கள்". அவருக்கு வேற சரக்கு இல்ல, அதனால அந்த வசனத்தையே திரும்பத் திரும்ப, பாக்குறதுக்கு காலேஜ் படிக்க வேண்டாம், கால தூக்க வேண்டாம், பாரு, அவ்வளவுதான்னு. பத்து நிமிசத்துல அதும் தீந்து போயி, பின்னால இருந்த பையன பாத்து, தம்பி நீ ரொம்ப வாடிப்போய் இருக்க, இயேசுவ பாருன்னுட்டாரு. அந்த பையன்தான் பின்னால லண்டன்ல ஆயிரக்கணக்கான பேருக்கு பிரசங்கம் பண்ணது. அந்த ஆளு யாருன்னு இன்னவரைக்கும் நிச்சயமா தெரியாது.

மோசே தூக்கி வச்ச வெண்கல சர்ப்பமும் அதே மாதிரி, பாம்பு கடிபட்டவன் பாத்தா போதும், பொழச்சான். ஆனா பின்னால சனங்க அந்த சர்ப்பத்துக்கே தூபம் காட்ட ஆரம்பிக்க, எசேக்கியா ராஜா வந்து உடச்சுப் போட்டாரு, 2 ராஜாக்கள் 18ல இருக்கு. என் ஆஸ்பத்திரி கதையும் அப்படித்தான் ஆயிருந்துச்சு, நல்லா மினுக்கி வச்சிருந்தேன். ரெக்கார்டிங்க டெலிட் பண்ணேன். கை கொஞ்சம் தயங்குச்சு.

14.07.2024, ஞாயிறு

14 நிமிசம்தான். பாதில கரண்ட் போயி மைக் நின்னுட்டு, காத்துக்கு ஜன்னல் வேற படார் படார்னு அடிக்க, அந்த ஏசாயா வசனத்தையே ரெண்டு மூணு தடவ கத்தி சொல்ல வேண்டியதாப் போச்சு. பைக் கதைல ரெண்டு வரி வாய்க்கு வந்துச்சு, முழுங்கிட்டேன்.

முடிஞ்சு வாசல்ல நின்னேன். யாராவது நல்லாருந்துச்சுன்னு சொல்லுவாங்களான்னுதான் நின்னேன், பொய் சொல்லக்கூடாது. எல்லாரும் ஸ்தோத்திரம் சார், ஸ்தோத்திரம் சார்னு குடைய விரிச்சிட்டு போயிட்டாங்க. கடைசி பெஞ்சு பாட்டி மட்டும் கண்ணாடி இல்லாம பைபிள நீட்டி, "அது எங்க இருக்குன்னு எடுத்து குடுங்க சார், பேத்திய வாசிக்க சொல்லணும்" அப்படின்னாங்க. ஏசாயா 45 எடுத்து, காணிக்கை கவர மடிச்சு உள்ள வச்சு குடுத்தேன்.