கணக்குக் கொடுக்காதவர் ஒருவர், காசு இழப்பவர் இன்னொருவர்

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவர். தலைவர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது விதி. கூட்டத்தன்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அப்போதிருந்து, வந்த பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று எழுதிக் கொடுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ் என்ற தாளோடு எனக்குப் பழக்கம்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய் மானியம். 100 வரை என்றால் 25,000. அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு. பதிவேடு, சாக்பீஸ், உடைந்த குழாய் எல்லாம் இதற்குள்தான். தலைமையாசிரியையும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ரசீது வேண்டும், தீர்மானம் வேண்டும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் சமீபத்தில் ஒருவர் சொன்ன யோசனை என்னை உறுத்துகிறது. ஊராட்சி தன் வரவுசெலவுக் கணக்கை ஒழுங்காக இணையத்தில் ஏற்றாவிட்டால் அங்குள்ள பள்ளிக்கான பணத்தையும் நிறுத்திவிட வேண்டுமாம். அப்போதுதான் பயம் வருமாம்.

இதன் பாதி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. ஒன்றிய அரசின் வரிப்பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பகிரப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு அப்படித்தான் விதித்தது: முந்தைய ஆண்டின் தற்காலிக (தணிக்கைக்கு முந்தைய) கணக்கும் அதற்கும் முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கும் இணையத்தில் இருந்தால்தான் உள்ளாட்சிக்கு மானியம். முதலில் மாநிலத்தில் 25 சதவீத உள்ளாட்சி அமைப்புகள் செய்தால் போதும் என்றார்கள். 2023-24 முதல் செய்த அமைப்புக்கு மட்டுமே பணம். கடுமைதான். ஆனாலும் கணக்குக் கொடுக்க வேண்டியதும் பணம் இழப்பதும் ஒரே அமைப்பு.

பள்ளியை இதில் இழுத்தால் அந்த நியாயமும் போய்விடும். ஊராட்சிக் கணக்கை எழுதுவது செயலர். தணிக்கைக்கு வேறொருவர் வர வேண்டும். அவர்கள் தாமதித்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் தண்ணீர் வரக்கூடாது? மேலே நடக்கும் சண்டையின் விலை எங்கே இறங்கும் என்று சமீபத்தில்தான் பார்த்தோம். பிஎம்ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, எங்கள் மானியம் வரும் அதே ஒருங்கிணைந்த திட்டத்தின் நிதியை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2,152 கோடி ரூபாய் என்று கணக்குச் சொல்லி மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு உள்ள 25 சதவீத இடஒதுக்கீட்டுக்கான பணமும் இதில்தான் வரும் என்பதால், அந்த ஆண்டு அந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஒப்பந்தத்தைப் பற்றி யார் பக்கம் நின்றாலும் சரி, காத்திருந்தவர்கள் பெற்றோர்.

இன்னொன்று. எங்களுக்குக் கெடு உண்டு, அனுப்புகிறவர்களுக்குக் கெடு கிடையாது. பணம் பெரும்பாலும் நிதியாண்டின் கடைசியில்தான் வந்து விழுகிறது. மார்ச் 31க்குள் செலவழித்துச் சான்றிதழும் கொடு என்பார்கள். சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடுவோமா, ரசீது தேடுவோமா?

கட்டாயம் எதையாவது கோர்க்க வேண்டுமென்றால் இப்படிக் கோர்க்கட்டும்: கணக்குத் தாமதமானால் பொறுப்பான அலுவலரின் ஊதிய உயர்வை நிறுத்தட்டும், பள்ளிப் பணம் ஜூனிலேயே வரட்டும். பள்ளிச் செலவையும் ஊராட்சிச் செலவையும் கிராம சபையில் ஒரே நாளில் வாசிக்கட்டும். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். டீச்சரிடம் சொன்னேன். "முதலில் ஊதிய உயர்வுன்னு எழுதுறதை எடுத்துடுங்கம்மா, மீதியை நிறைவேத்திடுவாங்க" என்றார். எடுக்கப் போவதில்லை.