ஃபிரிட்ஸ் பொல்லார்ட்: ஆக்ரன் அணியின் ஓட்டக்காரர்

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் தொடக்கக் காலத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் ஃபிரிட்ஸ் பொல்லார்டிடமே போய் நிற்கிறது. 1894இல் சிகாகோவில் பிறந்து, பிரவுன் பல்கலைக்கழகத்துக்காக ஆடிப் புகழ்பெற்ற இந்தக் கறுப்பின வீரர், 1919இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் அணியில் சேர்ந்தார். மறு ஆண்டு, பின்னாளில் என்.எஃப்.எல். (தேசியக் கால்பந்து லீக்) எனப் பெயர் மாறிய தொழில்முறை லீக்கின் முதல் பருவத்திலேயே, அவ்வணி ஒரு தோல்வியும் காணாமல் பட்டம் வென்றது.

ஆனால் வெள்ளை வீரர்களோடு சேர்ந்து உடை மாற்ற முடியாமல், அணி உரிமையாளரின் சுருட்டு ஆலையில் உடை மாற்றிக்கொண்டதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். கீழே விழுந்ததும் சட்டென மல்லாந்து, ஆணி பதித்த காலணிகள் மேல்நோக்கியிருக்கும்படி கால்களை உதைத்துக்கொள்வாராம். வேண்டுமென்றே மேலே பாய்ந்து மிதிக்க வருபவர்களைத் தடுக்க அவர் கண்ட வழி அது. இப்படியொரு தற்காப்பைப் பழகிக்கொண்டே ஒருவர் ஆட வேண்டியிருந்தது என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

1921இல் ஆடிக்கொண்டே பயிற்சியாளருமாகி, அந்த லீக்கின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் என்ற இடத்தைப் பெற்றார். 1934 முதல் 1945 வரை கறுப்பின வீரர் எவரும் அங்கே ஆடவில்லை. அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக ஆர்ட் ஷெல் பொறுப்பேற்றது 1989இல்தான். பொல்லார்ட் 1986இலேயே மறைந்துவிட்டார். 2005இல்தான் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடமளித்தார்கள்.