நர்ஸம்மா கையில் சுகப்பிரசவம்: வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கம் எப்படித் திட்டமிடுவது

வீட்டிலேயே மருத்துவச்சியை வைத்துப் பிரசவம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான்: முகம் தெரிந்த ஒரு பெண் பக்கத்தில் இருக்கணும், யாரும் அவசரப்படுத்தக் கூடாது, தேவையில்லாமல் வயிற்றில் கத்தி வைக்கக் கூடாது. இதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். அங்கே சிக்கலில்லாத பிரசவத்தைப் பார்ப்பது ஸ்டாஃப் நர்ஸ்தான். பிரசவம் பார்க்கும் வேலையை முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர். வீட்டில் கிடைக்காதது ஒன்று உண்டு, அதைக் கீழே சொல்கிறோம். ஆகவே திட்டத்தை வீட்டைச் சுற்றிப் போடாமல் நர்ஸைச் சுற்றிப் போடுங்கள்.

நாள் தள்ளிப்போனதும் துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாவை (கிராம சுகாதார செவிலியர்) பாருங்கள். 12 வாரத்துக்குள் பிக்மி (கர்ப்பிணிகளுக்கான அரசு இணையப் பதிவு) பதிவு முடிந்திருக்க வேண்டும். ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு, கைபேசி எண், கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதி, இவ்வளவு போதும். 12 இலக்க ஆர்.சி.எச். (தாய்சேய் நல) எண் கிடைக்கும், பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். ஆதாரில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று அன்றே பாருங்கள். தேதி மறந்துபோனால் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடியா பின்னாடியா என்று பண்டிகையை வைத்து யோசித்தால் பலருக்கு ஞாபகம் வந்துவிடும். வரவில்லை என்றால் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் நம்பகமானது. கடைசி மாதத்து ஸ்கேன் போடும் தேதி இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகலாம்.

எங்கள் பக்கம் அடிக்கடி நூல் அறுவது தாய்வீட்டில். பதிவு புருஷன் ஊரில் நடக்கும். வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடும். அந்த ஊர் நர்ஸம்மாவுக்கு இப்படி ஒரு கர்ப்பிணி வந்திருப்பதே தெரியாது. கடைசி ஆறு வாரப் பரிசோதனை அப்படியே விட்டுப்போகும். ரத்த அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் அந்த ஆறு வாரத்தில்தான். எண் மாறாது, புதுப் பதிவும் தேவையில்லை. தாய்சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு போய் அங்குள்ள நர்ஸம்மாவிடம் காட்டினால் போதும்.

இரும்புச்சத்து மாத்திரை நான்காவது மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். சுண்ணாம்புச்சத்து மாத்திரை தினம் இரண்டு. இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது. மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்துபவர்களும், பிள்ளை பெருத்துவிடும் என்று மாமியார் சொல்லி நிறுத்துபவர்களும் நிறைய. மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் சோகை. 7-க்குக் கீழே போனால் பெரிய ஆஸ்பத்திரிதான். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை.

முந்தைய பிரசவம் சிசேரியன், இரட்டைக் குழந்தை, குழந்தை குறுக்காகவோ கால் கீழாகவோ இருப்பது, 140/90 அல்லது அதற்கு மேல் அழுத்தம், நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பது, போன பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, இதில் எது இருந்தாலும் நர்ஸ் கைப் பிரசவம் கிடையாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல ரத்தமும் அறுவை அரங்கும் 24 மணி நேரமும் தயாராக இருக்கும் இடம்தான். இதில் பேரம் பேச இடமில்லை.

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு மலை ஊர்க்காரர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். வலி வந்த பிறகு கிளம்புவது திட்டமே இல்லை. குறித்த தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே கீழே இறங்கி உறவுக்காரர் வீட்டில் தங்குங்கள். அருகிலுள்ள நிலையத்தில் பிரசவக் காத்திருப்பு அறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஊரில் எந்த மேட்டில் சிக்னல் எடுக்கும், மழையில் எந்த ஓடை வழியை மறிக்கும், 108 எதுவரை ஏறி வரும், அங்கே வரை கொண்டுவர யாருடைய ஜீப், இது வீட்டு ஆம்பிளைகளுக்கு மனப்பாடமாக இருக்கணும்.

வலி நிஜமா, சூட்டு வலியா? சீரகத் தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடந்து பார்த்தால் சூட்டு வலி அடங்கிவிடும். நிஜ நோவு அடங்காது. இடுப்பில் தொடங்கி முன்வயிற்றுக்கு வந்து இறுகும், இடைவெளி குறைந்துகொண்டே போகும். தலைச்சன் பிரசவமென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 40 விநாடிக்கு மேல், ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். இரண்டாவது பிரசவம் என்றால் பத்து நிமிட இடைவெளியிலேயே கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ சீரகத் தண்ணீரெல்லாம் வேண்டாம், உடனே வண்டி. பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. போனிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம். நடக்கலாம், கஞ்சியோ மோரோ குடிக்கலாம். குழந்தையின் இதயத் துடிப்பை அரை மணிக்கு ஒருமுறை கேட்பார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். கர்ப்பப்பை வாய் திறப்பதை வரைபடத்தில் குறித்துவருவார்கள். கோடு பின்தங்கினால் நர்ஸம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்வார். “இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே” என்று குடும்பத்தார் இழுக்கும் நேரம் குழந்தையின் கணக்கிலிருந்து கழிகிறது. யார் கேட்டாலும் மேல்வயிற்றை அமுக்கவிடாதீர்கள். கர்ப்பப்பை கிழிய அது ஒரு காரணம்.

வீட்டில் கிடைக்காதது என்று மேலே சொன்னது இதுதான். குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போகும். குழந்தை தாயின் வயிற்றின் மேல் ஈரம் துடைக்கப்பட்டுக் கிடக்கும். ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்துத்தான் தொப்புள்கொடியை வெட்டுவார்கள். நஞ்சுக்கொடி வந்ததும் நர்ஸ் அதைக் கையில் விரித்து, ஒரு துண்டு குறைகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். உள்ளே தங்கிய துண்டு ரத்தத்தை நிற்கவிடாது. பிறகு தொப்புளுக்குக் கீழே கை வைப்பார். கர்ப்பப்பை உரித்த தேங்காய் போலக் கெட்டியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உடனே தேய்த்து இறுக்குவார். அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலே ஆபத்து. சோகை இருக்கும் பெண்ணுக்கு அதற்குக் குறைவே போதும்.

எல்லாம் சரியாகத் திட்டமிட்டும் வண்டி வருமுன் குழந்தை வந்துவிடுவது உண்டு. 108 இணைப்பை வெட்டாமல் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கை கழுவி, வெயிலில் உலர்ந்த சுத்தத் துணியை விரியுங்கள். தலையை இழுக்காதீர்கள். வந்ததும் துடைத்து, தாயின் நெஞ்சோடு தோல் படப் போட்டு, இரண்டையும் சேர்த்து மூடுங்கள்; தலைக்குத் துணி. அழவில்லை என்றால் முதுகைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். தலைகீழாகத் தூக்கித் தட்டுவது, தண்ணீர் தெளிப்பது வேண்டாம். குளிப்பாட்டவும் வேண்டாம், வேலூர் மே மாத வெயிலாக இருந்தாலும்தான். ஈரக் குழந்தை சட்டென்று சில்லிட்டுவிடும். வண்டி வருகிறது என்றால் கொடியை வெட்டவே தேவையில்லை. நஞ்சு தானாக வந்தால் ஒரு பையில் போட்டுக் குழந்தையோடு கொண்டுவாருங்கள், கொடியைப் பிடித்து இழுக்க வேண்டாம். தொப்புளில் சாம்பல், சாணி, மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது; ரணஜன்னி (டெட்டனஸ்) வரும் வழி அதுதான். குழந்தையை மார்பில் சப்பவிடுங்கள், கர்ப்பப்பை சுருங்க அது உதவும். இருவரும் நலமாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்: குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலைத் (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசியும் வைட்டமின் கே ஊசியும் போட வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தால் பிறப்புப் பதிவை அங்கேயே செய்துவிடுவார்கள். கிராமத்தில் வீட்டில் பிறந்தால் வீட்டுப் பெரியவர் 21 நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் ஆர்.சி.எச். எண்ணோடு போய்த் தகவல் கொடுக்க வேண்டும். அதுவரை கட்டணம் கிடையாது. தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் அதிகாரி உத்தரவு வாங்கணும். பெயர் வைக்கவில்லையே என்று பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரை ஒரு வருடத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம், அதன் பிறகு 15 வருடம் வரை கட்டணத்தோடு.